பனி பிடிக்காத ஃப்ரீசர்

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். ஆய்வுக்கூடத்துப் பழைய ஃப்ரீசரை நான் துரத்தியதும் அதனால்தான். வாராவாரம் மரக்கரண்டியால் பனியைச் சுரண்டிச் சுரண்டிக் கை மரத்துப் போயிருந்தது. பனியே பிடிக்காத புதுசு வேண்டுமென்று மேலாளரின் உயிரை வாங்கி, சாதித்தும் விட்டேன். பழையது பக்கத்து டீ அறைக்குப் போனது. அதன் பின்சுவரில் பனிக்குள் சிக்கியிருந்த இரண்டு சின்ன சாம்பிள் குழாய்களைப் பெயர்த்தெடுக்க எனக்குப் பொறுமையில்லை. கிடக்கட்டும் சனியன் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு மாதத்தில் வினை வந்தது. எங்கள் சோதனையில், தட்டின் குழிகளில் ரிசப்டர் என்ற புரதத்தை ஒட்டவைத்து, மேலே அதைப் பிடிக்கும் ஆன்டிபாடியை விட்டால் இரண்டும் கட்டிக்கொள்ளும். அப்படிக் கட்டிக்கொண்டால்தான் கடைசியில் மஞ்சள் நிறம் வரும். எங்கள் தட்டு வரவர வெளுத்தது. வெள்ளிக்கிழமைக்குள் மஞ்சள் வராவிட்டால் திட்டத்தையே மூடிவிடுவதாக மேலாளர் சொல்லிவிட்டார். மூடினால் எனக்கும் அமுக்குணிக்கும் வேலை போகும்.

அமுக்குணி என் கூட வேலை செய்பவள். வாயே திறக்கமாட்டாள், அதனால் அந்தப் பெயர். தட்டைக் கழுவும் கரைசலைக் கலப்பது அவள்தான். உப்பை அள்ளிக் கொட்டியிருப்பாள் என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள் மூன்றாம் முறையாகக் கலந்தாள்.

புதன்கிழமை இரவு சாப்பிடும்போது என் வீட்டுக்காரரிடம் புலம்பினேன். அவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். ஆன்டிபாடியைப் பற்றி அவருக்கென்ன தெரியும் என்று அதுவரை நான் அவரிடம் வாய் திறந்ததில்லை. அவர் ஃப்ரீசரைப் பற்றி மட்டும்தான் விசாரித்தார்.

“பனி பிடிக்காததா? உள்ள ஒரு ஹீட்டர் இருக்குமே. தினமும் ரெண்டு மூணு தடவை சூடாகித்தான் பனிய உருக்கும்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உள்ளே வைத்திருந்த ரிசப்டரும் ஆன்டிபாடியும் இளகி உறைந்து, இளகி உறைந்தே செத்திருக்கின்றன. கொன்றது நான்.

மறுநாள் காலை டீ அறையில், ஹீட்டரே இல்லாத பழைய ஃப்ரீசரில் ஐஸ்கிரீம் டப்பாக்களை ஒதுக்கிவிட்டு அரைமணி நேரம் சுரண்டினேன். ஒரு குழாயில் ஆன்டிபாடி, இன்னொன்றில் ரிசப்டர். அமுக்குணி அதே கரைசலோடு தட்டைத் தயார் செய்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம் குழிகள் ஒவ்வொன்றாக மஞ்சளாயின. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மேலாளர் எட்டிப் பார்த்து, வேலையைத் தொடரச் சொல்லிவிட்டுப் போனார்.

“தப்பெல்லாம் என்னோடதுதான்டி. உன்னைப் போய்த் திட்டிட்டேன்” என்றேன்.

அமுக்குணி டீ அறைக்குப் போய் மரக்கரண்டியோடு திரும்பி வந்தாள்.

“பழைய ஃப்ரீசர இங்கயே கொண்டு வரச் சொல்லிட்டேன். இந்தாங்கக்கா, இனிமே வாராவாரம் நீங்கதான்.”

கரண்டியை வாங்கிக்கொண்டேன்.