அழித்த செய்தி பாசியில் காய்ந்தது

இணையத்திலிருந்து அழிக்கப்பட்ட செய்தி எங்கள் ஊர்க் கடற்பாசித் தாள்களில் எழுத்து வடிவ ஓட்டைகளாக வந்தது. தாளில் ஓட்டை விழுவது புதிதல்ல, பாசி இளசாக இருந்தால் விழும். அரைத்த பாசி காகிதம் போலக் காய்ந்து வந்ததும், ஒவ்வொரு தாளையும் விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்து ஓட்டையை ஒதுக்குவதுதான் கொட்டகையில் அம்மாவின் வேலை. அன்று காலை பிடித்தவள் வாய்விட்டுப் படித்தாள்: "சாய ஆலைக் குழாய் திறந்திருக்கிறது, கடல் சிவக்கிறது." அது என் அக்கா ஹான்பியோல் போன வாரம் வீடியோவோடு போட்ட வரி. "அடிப் பாவி, இங்கயும் வந்து எழுதிட்டியா!" என்று அங்கே இல்லாத அக்காவை அம்மா திட்டினாள். அடுத்த தாளிலும் அதே வரி இருந்தது. அதற்கடுத்ததிலும்.

அதுவரை எங்கள் ஊர் சொக்குமியில் செய்தி என்றால் ஊர்த்தலைவர் மா ஜோங்கு காலையில் ஒலிபெருக்கியில் சொல்வதுதான். யார் வீட்டில் கல்யாணம், என்றைக்குத் தடுப்பூசி, காற்று எந்தப் பக்கம். அவர் சொல்லாதது நடக்கவில்லை. மாவட்டச் செய்தித்தாளும் வரும், மீன் பொட்டலத்துக்கு நல்லது. பிறகு எல்லோர் கையிலும் போன் வந்தது. சியோலில் தீப்பிடித்தால் அங்கே தீயணைப்பு வண்டி கிளம்புமுன் எங்கள் படகுகளில் தெரிந்தது. மா தலைவர் "எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும், இருந்தாலும் சொல்றேன்" என்று தொடங்கப் பழகிக்கொண்டார். ஆனால் கடலில் பாசி வளர்க்கும் வலையிலேயே அது மஞ்சளடித்து உதிர்ந்தபோது அவரும் எதுவும் சொல்லவில்லை, செய்தித்தாளும் எழுதவில்லை. பதினேழு வயது அக்கா ஒரு நள்ளிரவு பாறைமேல் குப்புறப் படுத்து ஆலைக் குழாயை வீடியோ எடுத்தாள். விடிவதற்குள் அதைப் பார்த்தவர்களை நிற்க வைக்க எங்கள் கடற்கரை போதாது.

ஆலை புகார் கொடுத்ததும் வீடியோ மறைந்தது. மீன்வளத்துறை ஆட்கள் அடுத்த வாரம் சரியாக நள்ளிரவில் வந்து பார்த்தார்கள். குழாய் காய்ந்து கிடந்தது. உண்மையைச் சொல்லி ஒருவர் பெயரைக் கெடுத்தாலே எங்கள் நாட்டில் வழக்கு உண்டு, பொய் என்றால் கேட்கவே வேண்டாம். 'நான் போட்டது பொய்' என்று காவல் நிலையத்தில் கையெழுத்திட்டால் விட்டுவிடுவதாக ஆலை சொல்லியனுப்பியது. அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. ராத்திரி என் போர்வைக்குள் நுழைந்து, "செவப்பாத்தானடி இருந்துச்சு? நானே கனவு கண்டுட்டனா?" என்று கேட்பாள். எனக்கு அவளைவிடப் பயம், அதனால் சத்தமாக "செவப்புதான்" என்பேன். நான் பார்க்கவே இல்லை.

மா தலைவர் கொட்டகைக்கு வந்தார். "ஹான்பியோல் அம்மா, மைக்க அணைச்சா பேச்சு முடிஞ்சுது. அழிச்சாச்சுல்ல? புள்ளைய கையெழுத்துப் போட்டுட்டு வரச் சொல்லு."

அம்மா ஒரு தாளை விளக்கில் பிடித்து நீட்டினாள். "இந்த மைக்க அணைங்க பாப்போம், தலைவரே."

அதற்குள் தாள்களை ஏற்றிய லாரிகள் வெளியூர்களுக்குப் போய்விட்டிருந்தன. தாளில் சோற்றைப் பரப்பிக் கிம்பாப் சுருட்டியவர்கள் வீட்டிலெல்லாம் கறுப்புச் சுருளின் மேல் ஓட்டைகள் வழியே சோறு வெள்ளை எழுத்தாகத் தெரிந்தது. ஜனங்கள் அதைப் படமெடுத்து இணையத்தில் போட்டார்கள். ஆலை அதையும் அழிக்கச் செய்தது. அழித்ததெல்லாம் மறுநாள் தாளில் வந்தது, கீழே ஜனங்கள் போட்ட கருத்துகளோடு சேர்த்து. "நான்தான் மொத ஆளு" என்று ஒன்று. "போயி படிக்கிற வேலையப் பாரு" என்று ஒன்று. ஆலைக்காரரின் தாயாரைப் பற்றிய ஒன்றை அம்மா பாதியிலேயே படிப்பதை நிறுத்திச் சூப்பில் போட்டுவிட்டாள். அழிக்க அழிக்க எழுத்து பொடியானதே தவிர குறையவில்லை. வேறு ஊர்களில் காய்ந்த தாள்களிலும் வரத் தொடங்கியது.

காவல் நிலையத்துக்கு அம்மா, அக்கா, மா தலைவர், பள்ளிக்குப் போகாமல் நான், எல்லோரும் போனோம். விசாரணை அதிகாரி பாங் காகிதத்தையும் பேனாவையும் அக்கா பக்கம் தள்ளிவிட்டு, மனைவி கட்டித்தந்த வெட்டாத கிம்பாப் சுருளை மதியச் சாப்பாட்டுக்குப் பிரித்தார். அக்கா பேனாவை எடுத்துவிட்டாள். கடிக்கப்போன பாங் நிறுத்தி, சுருளை மெல்ல உருட்டி உருட்டி, அதில் யாரோ போட்டிருந்த கருத்தைப் படித்தார். "நான் பூசான் துறைமுகத்து ஆளு. நள்ளிரவுன்னு கணக்கு வச்சுப் பாக்காதீங்கப்பா. ஓதம் இறங்கி தண்ணி பின்வாங்க ஆரம்பிக்கிறப்பப் பாருங்க. கடலே கழுவிட்டுப் போயிடும்ல, அப்பத்தான் தெறப்பானுங்க."

அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "நம்ம கடலு! நம்ம ஓதம்! பூசான்காரன் வந்து சொல்லணுமா நமக்கு!" அக்கா பாறைமேல் படுத்திருந்த இரவில் ஓதம் நள்ளிரவில் இறங்கியது, அவ்வளவுதான். அடுத்த வாரம் அது வேறு நேரம் என்று ஓதத்தை வைத்தே பிழைக்கும் எங்கள் ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மா தலைவர் தொண்டையைக் கனைத்தார். "இன்னிக்கு ரெண்டு மணிக்கு எறங்குது சார். நான் கூட்டிட்டுப் போறேன்."

பாங் சுருளைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வண்டியில் ஏறினார். பாறையில் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்தோம். நீர் பின்வாங்க ஆரம்பித்து, பாறையடியில் ஈரக் கோடு தெரிந்ததும் குழாய் இருமியது, பிறகு சிவப்பாகக் கொட்டியது. பட்டப்பகலில், நாங்கள் ஐந்து பேர் பார்க்க. மா தலைவர் எழுந்து நின்று போனை உயரப் பிடித்தார். "எல்லாரும் பாருங்க, சொக்குமி ஊர்த்தலைவர் பேசுறேன்" என்று கத்தினார். அந்த வீடியோவை யாரும் அழிக்கவில்லை, அதனால் அது தாளில் வரவில்லை. மாலைக்குள் குழாய்க்கு அரசு முத்திரை விழுந்தது, ஆலை தன் புகாரைத் திரும்பப் பெற்றது.

பாங் படமெடுத்து முடித்து, கையிலிருந்த சுருளைப் பார்த்தார். சாட்சி கடலிலேயே கிடைத்துவிட்டதால் இது இனித் தேவையில்லை என்று ஒரு கடி கடித்தார். அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா?"

"பசிக்குது சார்."

அவர் மிச்சத்தைப் பிய்த்துக் கொடுத்தார். அதில் முன்பின் தெரியாத யாரோ எழுதியிருந்தார்கள்: "வீடியோ எடுத்த பொண்ணே, பயப்படாத. நாங்க பாத்துட்டுதான் இருக்கோம்." அக்கா ஒருமுறை படித்தாள், இன்னொருமுறை படித்தாள், பிறகு வாய் நிறையப் போட்டு மென்றபடியே, உள்ளே வைத்த முள்ளங்கி கொஞ்சம் புளிப்பு என்றாள்.