நாளைக்கு வந்துருவாங்க

“நாளைக்குக் காலையில ஆள் வந்துருவாங்கம்மா” என்று சொல்லிப் போனை வைத்தாள் ரம்ஷா. சேர்ந்த ஒரு வாரத்திலேயே இந்த வாக்கியம் அவள் நாக்கில் படிந்துவிட்டது. கணபதி பகுதியில் இருந்த தண்ணீர் மோட்டார் கம்பெனியின் சர்வீஸ் பிரிவில், கல்லூரி விடுமுறைக்கு மட்டும் பயிற்சிக்கு வந்திருந்தாள். சொல்லிக்கொடுத்தவள் பக்கத்து நாற்காலி மௌனிகா. “யார் கூப்பிட்டாலும் நாளைக்குன்னு சொல்லிரு. அவங்களுக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி.” அப்படித்தான் இருந்தது. கத்திக்கொண்டே ஆரம்பிக்கிறவர்கள்கூட “செரிங்க அம்மணி” என்று இறங்கிவந்தார்கள். மனிதர்களைச் சமாளிக்கத் தனக்கு வருகிறது என்று வீட்டில் அம்மாவிடம் பெருமையடித்திருந்தாள்.

மறுநாள் அதே குரல் வந்தது. மோட்டார் ஓடவில்லை என்று முந்தின நாள் கூப்பிட்ட வெள்ளகோவில் பக்கத்துச் சின்னாத்தாள்.

“ஏனுங்க அம்மணி, ஆளைக் காணமுங்களே?”

“வந்துட்டிருப்பாங்கம்மா.”

“அதில்ல கண்ணு. நீ சொன்னீன்னு தண்ணி லாரிக்காரரை வேண்டாம்னு சொல்லிப்போட்டேன். தொட்டி காஞ்சு கெடக்குது. எருமை ரெண்டும் விடிஞ்சதுலயிருந்து கத்துது.”

அந்தக் குரலில் கோபமே இல்லை. அதுதான் ரம்ஷாவை என்னவோ செய்தது. அந்தப் பக்கத்துக்கெல்லாம் ஒரே மெக்கானிக், ஆல்வின். அவர் எங்கேயோ தொலைவில், ஆனைமலையில் இருக்கிறார் என்பது நேற்றே கம்ப்யூட்டரில் தெரிந்தது. பார்த்துவிட்டுத்தான் சொன்னாள். இப்போதும் ‘நாளைக்கு’ வாய்வரை வந்தது.

“அம்மா, நான் பொய் சொல்லிட்டேங்க. இன்னிக்கு யாரும் வரமாட்டாங்க. நாளைக்கும் உறுதியில்லைங்க. மொதல்ல லாரியைக் கூப்பிட்டுருங்க.”

சின்னாத்தாள் போனை வைத்துவிட்டார்.

“பைத்தியமா உனக்கு?” என்றாள் மௌனிகா. “அந்தம்மா மேனேஜர்கிட்டச் சொன்னா சர்டிபிகேட்கூடக் கெடைக்காது.”

ரம்ஷா ஆல்வினைக் கூப்பிட்டாள்.

“ஏற்கெனவே நாலு எடத்துல ஒத்துக்கிட்டேம்மா. நான் என்ன, பறந்தா போறது?”

“தண்ணியில்லாம எருமை கத்துதாம்ண்ணா.”

ஸ்பேனரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. “நாளைக்குச் சாயங்காலம் பாக்கறேன். சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன்.”

அதை அப்படியே, சத்தியமில்லை என்பதையும் சேர்த்து, சின்னாத்தாளிடம் சொன்னாள். “லாரி வந்துட்டு இருக்குது” என்று மட்டும் சொல்லி அவர் வைத்துவிட்டார்.

மறுநாள் சாயங்காலம் ஆல்வினால் போக முடியவில்லை. யாரும் சொல்லச் சொல்லாமல், யாரும் கேட்காமல், தானே போனை எடுத்து “இன்னிக்கும் இல்லீங்கம்மா” என்று சொல்வது, வாங்கிய திட்டுகள் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. திட்டுவார் என்று போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்தாள்.

“செரி கண்ணு. இன்னொரு லாரிக்குச் சொல்லிப்போடறேன்” என்றார் சின்னாத்தாள்.

அதற்கடுத்த நாள் மத்தியானம், சாப்பாட்டு டப்பாவைத் திறந்த நேரத்தில் ஆல்வினின் வீடியோ கால் வந்தது. அவர் முகத்தைக் காணோம். ஒரு குழாய் தெரிந்தது. அது இருமியது, காற்றைக் கக்கியது, செம்மண் கலங்கலைத் துப்பியது. பிறகு தண்ணீர் வெள்ளையாகச் சீறிக்கொண்டு வந்தது. மௌனிகா தன் நாற்காலியை ரம்ஷாவின் பக்கம் உருட்டிக்கொண்டு வந்தாள்.

“இந்தப் புள்ளதானா?” என்று சின்னாத்தாளின் அதே குரலில் கேட்டபடி, தலைத்துண்டோடு ஒரு முகம் குனிந்தது. ரம்ஷாவின் அம்மா வயதுதான் இருக்கும். அவர் அடுத்து ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் ஒரு பெரிய கறுத்த மூக்கு குறுக்கே நுழைந்து, தண்ணீர் சொட்டச் சொட்டத் திரை முழுவதையும் அடைத்துக்கொண்டது.