கழுதை வாயை மூடவில்லை

ப்லோவ்திவ் பொம்மலாட்ட அரங்கில் மாலை முதல் காட்சி. அதில் நான் செய்த மரக்கழுதை பென்ச்சோ பாடியாக வேண்டும்; அதன் பாட்டையும் வாயசைவையும் கணினிதான் இயக்கும். சொதப்பினால் இயக்குநர் ஸ்டாங்கா பழைய கைப்பொம்மையையே மேடையேற்றிவிடுவார். குளிர்காலம் முழுக்கச் செதுக்கியவனுக்கு வயிறு எரியாதா?

காலை ஒத்திகையில் பாட்டு முடிந்த பிறகும் பென்ச்சோ வாயை அசைத்துக்கொண்டே நின்றது. முந்தின நாள் ஸ்டாங்கா ஒரு சரணத்தை வெட்டச் சொல்லியிருந்தார். கணினி பார்க்கும் சோர்னிட்சாதான் வெட்டினாள்.

“பாட்டை வெட்டினே, வாயை விட்டுட்டியா தங்கச்சி?”

“ரெண்டும் ஒரே கோப்புண்ணே. ‘பாட்டு’, ‘வாய்’னு ரெண்டு பேரு வச்சிருக்கேன். ஒலிபெருக்கி ‘பாட்டை’த் திறக்கும், வாயை ஆட்டுற மோட்டார் ‘வாயை’த் திறக்கும். ஒண்ணுல மாத்தினா இன்னொண்ணுலயும் மாறணும். என் மடிக்கணினில மாறுச்சே.”

கணினி ஒவ்வொரு கோப்புக்கும் உள்ளுக்குள் ஓர் எண் வைத்திருக்குமாம். அரங்கின் கணினியில் அவள் தேடிப் பார்த்தபோது, இரண்டு பெயருக்கும் ஒரே எண் வர வேண்டிய இடத்தில் வேறு வேறு எண் வந்தது. சோர்னிட்சா தலையில் அடித்துக்கொண்டாள்.

“இந்தக் கணினில கோப்பெல்லாம் அடுக்கடுக்கா இருக்குண்ணே. கீழடுக்குல எழுத முடியாது. மாத்தப்போனா மேலடுக்குல நகல் எடுத்து அதுலதான் எழுதும். நான் ‘பாட்டு’ன்னு திறந்தேன், அந்தப் பேருக்கு மட்டும் நகல் வந்துச்சு. ‘வாய்’ இன்னும் கீழ பழசையே பாத்துக்கிட்டிருக்கு.”

“ரெண்டும் ஒண்ணுன்னு அதுக்குத் தெரியாதா?”

“கீழ தெரியும். மேல வர்றப்ப மறந்துடும். மறக்காம இருக்க ஒரு வசதி உண்டு, நான்தான் அதைப் போடல.”

“நல்லா இருக்கு உன் கணினி. என் கழுதையே தேவலை.”

பழைய ‘வாய்’ பெயரை நீக்கி, வெட்டிய புதிய கோப்புக்கே அந்தப் பெயரையும் கொடுத்தாள். எண்கள் ஒன்றாயின. பென்ச்சோ பாடியது, வாயை மூடியது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஸ்டாங்கா வந்து பார்த்துவிட்டு முகம் சுளித்தார். “வாய் ஏன் நின்னுடுச்சு?”

“சரி பண்ணிட்டோம் மேடம்.”

“யாரு பண்ணச் சொன்னா? காலையில அது சும்மா மென்னுக்கிட்டு நின்னப்ப டிக்கெட் கொடுக்கிற பொண்ணுங்கள்லாம் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. எனக்கு அந்தக் கழுதைதான் வேணும். இது வேண்டாம்.”

நான் சோர்னிட்சாவைப் பரிதாபமாகப் பார்த்தேன். “பழசைத்தான் நீக்கிட்டியே.”

“மேலடுக்கு அதை மறைச்சுதாண்ணே வச்சிருக்கு. கீழ பத்திரமா இருக்கு.”

பழையதை எடுத்து ‘வாய்’ என்று தனியாக வைத்தாள். இந்த முறை வேண்டுமென்றே பிரித்தாள்.

மாலையில் பென்ச்சோ பாடி முடித்து, சத்தமில்லாமல் மென்றுகொண்டு நின்றது. அரங்கமே சிரித்தது. முன்வரிசையில் ஒரு சிறுமி மட்டும் சிரிக்காமல் எழுந்துபோய், தான் தின்றுகொண்டிருந்த பனித்சா என்ற பாலாடைக்கட்டிப் பலகாரத்தில் பாதியைப் பிய்த்து அதன் வாயருகே நீட்டினாள்.