திரும்பி வந்த துணி

வீட்டில் கூப்பிடும் 'சின்னவள்' என்ற பெயரே விடுதியிலும் அவளுக்கு ஒட்டிக்கொண்டது. அறைத்தோழிக்குப் பெயர் கொசு. காதருகே ஓயாமல் பேசுவதால் வந்த பட்டம்; அவளே அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். இருவருக்கும் கடைசி ஆண்டு. கன்சல்டிங் கம்பெனி ஒன்றின் நேர்காணலுக்காக மாதக்கணக்கில் ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுப் பழகியிருந்தார்கள். நொடித்துப்போகும் வியாபாரம் ஒன்றைச் சொன்னால், ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். சின்னவள் ஒரு தடவைகூடக் கொசுவை முந்தியதில்லை.

நேர்காணலன்று கொசுவைத்தான் முதலில் அழைத்தார்கள். வெளியே வந்தவள் சின்னவளைப் படிக்கட்டுப் பக்கம் இழுத்துப்போய்ப் பொரிந்து தள்ளினாள். ஒரு சலவைக் கம்பெனியாம். ஓட்டல்களிலிருந்து வரும் துணி வருஷத்துக்கு வருஷம் கூடுகிறது, லாபமோ தேய்கிறது. கொசு விலை, கூலி, மின்சாரம் என்று சுற்றிச் சுற்றி வந்து கோட்டை விட்டிருந்தாள்.

"கதவைச் சாத்திட்டு வெளிய வர்றேன், அப்பத்தான் மண்டையில உறைக்குது. வேலை எங்க கூடிச்சு? சரியா வெளுக்கலன்னு ஓட்டல்காரன் திருப்பி அனுப்புறான். துவைச்சதையே ஓசியில மறுபடி துவைக்கிறாங்க. அதையும் புதுத் துணின்னு எண்ணிட்டிருக்காங்க."

அதற்குள் சின்னவளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

உள்ளே ஓர் அம்மாளும் ஓர் இளைஞரும் இருந்தார்கள். வேறு ஏதாவது கேட்பார்கள் என்று சின்னவள் நினைத்தாள். அந்த அம்மாள் அதே சலவைக் கம்பெனிக் கேள்வியைத்தான் ஆரம்பித்தார். இந்தக் கேள்வி எனக்குத் தெரியும் என்று சின்னவள் சொல்லவில்லை. அவள் பேனாவைத் திறந்தாள். விலையைப் பற்றிக் கேட்டாள். கூலியைப் பற்றிக் கேட்டாள். ஒரு கட்டம் போட்டாள், அதை அடித்தாள். அப்போதுதான் நினைவுக்கு வந்தது போல, திரும்பி வரும் துணிக்குக் கணக்கு உண்டா என்று கேட்டாள்.

இளைஞர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இன்னிக்கு யாருமே இதைக் கேக்கல. எப்படித் தோணிச்சு?"

"சும்மா தோணிச்சு சார்."

அவளுக்கு வேறு யாரோ பேசுவதைப் பின்னால் உட்கார்ந்து கேட்பது போலிருந்தது.

சாயங்காலம் முடிவு சொன்னார்கள். சின்னவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்; கொசுவை இல்லை. போனில் அம்மா அழுதாள். மாமா போனைப் பிடுங்கி, இது தனக்கு அப்போதே தெரியும் என்றார். சின்னவள் எல்லாவற்றுக்கும் 'ம்' கொட்டினாள்.

அறையில் கொசு நேர்காணலுக்குப் போட்ட சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். அதே கேள்விதான் என்று சின்னவள் சொன்னாள்.

"தெரியும்," என்றாள் கொசு. "உனக்கு உதவணும்னு நான் சொல்லலடி. எரிச்சல்ல புலம்பினேன்."

"நான் போய் உண்மையைச் சொல்லிடட்டுமா?"

"சொன்னா எனக்குக் குடுப்பாங்களா?"

"மாட்டாங்க."

"அப்ப விடு."

கோபம் இல்லை அதில். திட்டியிருந்தால் தேவலை என்று சின்னவளுக்குப் பட்டது. அதுவும் மனதில் எங்கோ தூரத்தில் பட்டு நின்றது. கொசு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை சின்னவள் வேலைக்குச் சம்மதம் சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். அந்த அம்மாள் கை கொடுத்தார், அவளும் கொடுத்தாள். வெளியே வந்து, பசிக்கிறதா என்று யோசித்துப் பார்த்தாள். தெரியவில்லை. எல்லோரும் நிற்கிறார்களே என்று விடுதிச் சாப்பாட்டு வரிசையில் போய் நின்றாள்.