பேர் வெட்டிய தட்டு

அம்மா தட்டை மோந்து பார்ப்பாள் என்று ஹம்சா கனவிலும் நினைக்கவில்லை. பள்ளிக்கூடக் குழாயில் கழுவி, துப்பட்டாவில் துடைத்து, சத்துணவு சாப்பிட்ட தட்டைப் போலவேதான் கொண்டுவந்து வைத்திருந்தாள். ஆனால் ஊரூர் குப்பத்தில் மீன் விற்கிற ஜலஜாவின் மூக்கை ஏமாற்ற முடியுமா?

"முட்ட வாசனயே இல்லியே. துன்னியா இல்லியா?"

ஹம்சா அழுதுகொண்டே சொன்னாள். ஏழைப் பிள்ளைகளுக்கு ஷூ கொடுக்க ஓர் அறக்கட்டளை வருகிறதாம். யார் ஏழை என்று வீடு வீடாகப் போய் விசாரிக்க யாருக்கு நேரமிருக்கிறது? சத்துணவுக்குத் தட்டு கொண்டுவருகிறவர்கள் எல்லாம் எழுந்து நில்லுங்கள் என்றுவிட்டார் வகுப்பு டீச்சர். வெறும் சோற்றை டிபன் பாக்ஸில் மூடிக்கொண்டு வரும் மாளவிகா, அந்த டப்பாவின் புண்ணியத்தில் உட்கார்ந்தே இருந்தாள். எழுந்து நின்ற ஹம்சாவை வகுப்பே திரும்பிப் பார்த்தது. அன்றிலிருந்து மதியம் தண்ணீர்தான் குடிக்கிறாள்.

அம்மா பள்ளிக்கு வந்து சண்டை போடுவாள் என்று பயந்தாள். அம்மாவோ தட்டை எடுத்துக்கொண்டு திருவான்மியூர் பாத்திரக் கடைக்குப் போனாள். கல்யாணச் சீர்ப் பாத்திரத்தில் வெட்டுவதுபோல் விளிம்பில் பெரிதாக 'ஜ. ஹம்சா' என்று வெட்டிக்கொண்டு வந்தாள். ஹம்சாவுக்கு உயிரே போய்விட்டது. தட்டையே ஒளிக்கப் பார்க்கிறவளுக்கு ஊரறியப் பேரா?

"திருடின சோறா இது? உன் பேர்ல வர்ற சோறு. பேர் போட்டே வாங்கித் துன்னு."

மறுநாள் ஷூ வந்தது, கூடவே கேமராவும். தட்டை நெஞ்சோடு பிடித்து வரிசையாக நிற்க வைத்தார்கள். அறக்கட்டளைக்காரர் ஹம்சாவிடம் மட்டும் தட்டைத் திருப்பிப் பிடிக்கச் சொன்னார். பேரெல்லாம் வெட்டியிருந்தால் ஏழைப் பிள்ளை தட்டு மாதிரி இல்லையாம்.

ஹம்சாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஷூவின்மேல் ஆசை இல்லாமல் இல்லை. அவளுடையது கட்டைவிரல் பக்கம் வாய் பிளந்திருந்தது. மதிய மணி அடித்தது.

"பசிக்குது மிஸ். நான் போறேன்."

போட்டோ முடியட்டும் என்றார் டீச்சர்.

"இது போட்டோக்கு வாங்கின தட்டு இல்ல மிஸ். சோத்துக்கு வாங்கினது."

வரிசையை விட்டு நடந்தாள். வேறு யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்க்கவில்லை. சத்துணவு ஆயா தக்காளி சாதத்தைக் கவிழ்த்து மேலே முட்டையை வைத்தார். சோறு தட்டை நிறைத்தும் விளிம்பில் பேர் மூடாமல் தெரிந்தது. கேமரா பார்க்கிற இடமாகவே தேடி, கிழிந்த ஷூவோடு சம்மணமிட்டு உட்கார்ந்து, ஹம்சா முட்டையை இரண்டாகப் பிட்டாள்.