பராபரும் பராபவமும்

ராயபுரம் ரயில் நிலையத்து மதிலில் ஒட்டியிருந்த நோட்டீஸில் தன் பெயர் இருப்பதை வேலப்பன் கண்டுகொண்டான். அவனுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் குஸ்தி விளம்பரங்களில் பலமுறை பார்த்துப் பழகியதால், தன் பெயரின் உருவம் மட்டும் ஒரு தெரிந்த முகத்தைப் போல அவன் கண்ணில் நின்றிருந்தது. துறைமுகத்தில் கரி இறக்கிவிட்டு வந்துகொண்டிருந்தவன் அங்கேயே நின்றான். உடன் வந்த வரதனுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும்.

"இன்னா போட்டுக்கீது, படிடா."

வரதன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அச்செழுத்துக்கு உரிய மரியாதையோடு படித்தான்: "'ஐந்து வருஷம் முதுகில் மண் காணாத மகாவீரர் ரஷீது பயில்வானைப் பராபவப்படுத்திய பட்டணத்துச் சிங்கம் வேலப்பனுக்கு வரும் ஞாயிறு சாயங்காலம் பாகை வைபவம். தோற்றவர் தம் கையாலேயே தலைப்பாகை கட்டுவார்.' கிருஷ்ணப்பன் கொட்டகைலதான் நைனா. அடிச்சது பாரு உனுக்கு யோகம்!"

"அது இன்னாது, பராபவம்?"

"தோக்கடிக்கிறதுபா. பெரிய எழுத்துக்காரங்க பேசற பாஷை."

"யாரை யாரு தோக்கடிச்சது?"

"நீதான் பாயை. போன பங்குனி, திருவொத்தியூர்ல. பேப்பர்லயே வந்துச்சே. நீ வாயே தொறக்கல. சரி, அடக்கமான ஆளுன்னு நாங்களும் கம்னு இருந்துட்டோம்."

வேலப்பனின் முகத்தில் படிந்திருந்த கரியைத் தாண்டிக்கொண்டு ரத்தம் ஏறியது. தான் பெறாத ஒரு வெற்றியைப் பத்து மாதங்களாகத் தன் தலையில் சுமந்து திரிந்திருக்கிறான். அதைச் சுமக்கிறோம் என்பதே தெரியாமல்.

அந்தப் பங்குனியில் நடந்தது அவன் உடம்புக்குத் தெரியும். ரஷீது அப்போது தோல்வி காணாத ஐந்தாவது வருஷத்தில் இருந்தான். தண்டையார்ப்பேட்டை மண்ணெண்ணெய் டிப்போவில் பீப்பாய் உருட்டுகிற ஆள். கோதாவில் இறங்கினால் வேறொருவன். வேலூரிலிருந்தும் கோலாரிலிருந்தும் ஐதராபாத்திலிருந்தும் வந்தவர்கள் அவனைக் கவிழ்க்கப் பார்த்துவிட்டு, தங்கள் முதுகு மண்ணைத் தட்டிக்கொண்டு ரயிலேறினார்கள். முதல் பிடியை அவன் எப்போதும் எதிராளிக்கே விட்டுவிடுவான். எதிராளியின் மூச்சு ஒரு முறை தடம் மாறும் வரை காத்திருப்பான். மாறியதும் எல்லாம் முடிந்துவிடும். ஒரு பயில்வானுடைய வாழ்வில் எல்லாம் கூடி வருகிற காலம் என்பது சில வருஷங்கள்தாம். ரஷீதுக்கு அது ஐந்து வருஷம் நீடித்தது. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை, கடலோரத்தில் வேலை செய்து பிழைத்த ஒவ்வொருவனும் அந்த ஐந்து வருஷங்களில் தனக்கும் ஒரு பங்கு உண்டென்று நினைத்தான்.

அப்படிப்பட்டவனோடு வேலப்பன் வெயில் சாயத் தொடங்கியபோது கோதாவில் இறங்கி, கூட்டத்தில் முகம் தெரியாதபடி இருட்டும் வரை நின்றான். இரண்டு தோளும் சேர்ந்தாற்போல மண்ணைத் தொட்டால்தான் தோல்வி. வேலப்பனின் ஒரு தோள் பலமுறை மண்ணைத் தொட்டது. மற்றொன்றை அவன் கொடுக்கவில்லை. ரஷீதை ஒருமுறை முழங்காலில் இறக்கினான். அதற்கு மேல் இறக்க முடியவில்லை. கடைசியில், ஐதராபாத்திலிருந்து நடுவராக வந்திருந்த உஸ்தாத் இருவர் கையையும் சேர்த்துத் தூக்கி, "பராபர்!" என்று கூவினார். சமம். வேலப்பன் பிறந்ததிலிருந்து கேட்டவற்றில் அதைவிட இனிமையான சொல் வேறில்லை. அவன் வேறு இடங்களில் ஜெயித்திருக்கிறான், தோற்றும் இருக்கிறான். ஆனால் அவனுடைய உச்சம் அந்தச் சமம்தான். அடுத்த மாதமே டிப்போவில் ஒரு பீப்பாய் உருண்டு ரஷீதின் முழங்காலை நொறுக்கியது. அவன் அதன்பின் கோதாவில் இறங்கவில்லை. இனி இறங்கி நிரூபிக்கவும் முடியாது. தோஸ்தை நொண்டியாகப் பார்க்க மனமில்லாமல் வேலப்பன் அவன் வீட்டுப் பக்கம் போவதையே விட்டிருந்தான். ரஷீதிடம் மிஞ்சியிருந்தது அந்த ஐந்து வருஷங்கள் மட்டும்தான். இப்போது அதையும் எவனோ எடுத்து வேலப்பனின் மடியில் போட்டிருக்கிறான்.

மறுநாள் வேலைக்குப் போகாமல் வேலப்பன் வரதனை இழுத்துக்கொண்டு தம்புச் செட்டித் தெருவுக்குப் போனான். செய்தியை வெளியிட்ட வாரப் பத்திரிகை அங்கேதான் ஒரு மாடியில் நடந்துகொண்டிருந்தது. ஆசிரியர் கெட்டவரல்லர். பழைய இதழை எடுத்துப் பார்த்தார். நிருபர் எழுதியனுப்பிய வாசகம் கூட அவர் நினைவில் இருந்தது.

"'ரஷீது, வேலப்பனுடன் பொருது பராபர்' என்று எழுதியிருந்தான். பராபர் என்று தமிழில் ஒரு சொல் உண்டா? பராபரன் உண்டு, பராபரை உண்டு. குஸ்தியில் அவர்களுக்கு என்ன வேலை? பராபவம் என்பதைத்தான் அரைகுறையாக எழுதிவிட்டான் என்று திருத்தினேன்."

"சரி சாமி. தோத்தது பாய்னு எப்டிப் போட்டீங்கோ?"

"வாக்கியத்தில் ரஷீதல்லவா எழுவாய்? எழுவாய்க்குத்தானே பராபவம்?"

தன் தோஸ்தின் ஐந்து வருஷங்கள் ஓர் எழுவாயில் தடுக்கி விழுந்திருப்பதை வேலப்பனால் ஜீரணிக்க முடியவில்லை. "தப்புன்னு தெரிஞ்சிகினீங்க இல்ல? மாத்திப் போடுங்க."

ஆசிரியர் உண்மையாகவே வருந்தினார். "பத்து மாதத்துக் குஸ்தியை இப்போது யார் படிப்பார்கள்? சத்தியாக்கிரகச் செய்திக்கே இடம் போதவில்லை. மேலும், அப்பா, இதில் உனக்கு நஷ்டம் ஒன்றுமில்லையே?"

அந்தக் கடைசிக் கேள்விதான் வேலப்பனைச் சுட்டது. படிக்கட்டில் இறங்கும்போது அவன் சுவரை ஒரு குத்துக் குத்தினான். சுண்ணாம்பு உதிர்ந்தது.

கொட்டகைக்காரக் கிருஷ்ணப்பனிடம் வருத்தமும் இல்லை. அவன் அந்தப் பங்குனியில் திருவொற்றியூரில் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தவன்.

"எனுக்குத் தெரியாதாடா? கண்ணால பாத்தவன் நான். ஆனா சமம்னு நோட்டீஸ் போட்டா எவன் வருவான்? ஜனத்துக்கு ஒருத்தன் மேல, ஒருத்தன் கீழ. பேப்பர்ல வந்துக்கீது, நான் கையால எழுதல."

"பாய் வரமாட்டாரு."

"வருவான் பாரேன். வராட்டி பயந்துட்டான்னு ஊரு பேசும். வந்து கட்டினா பெரிய மன்சன்னு பேசும். ரெண்டுல எது நடந்தாலும் கொட்டகை ரொம்பும்." கிருஷ்ணப்பன் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தான். "சிங்கம்! போய் மீசையத் தடவிக்கோ."

பல வருஷங்கள் தோல்வி காணாதவனின் ஓட்டத்தை முறித்தவனுக்கு, முறிக்கப்பட்டவனே பாகை கட்டுவது அந்தப் பக்கத்துக் கோதாக்களின் பழைய மரியாதை. தோற்றவனும் தலை நிமிர்ந்து வெளியேற வேண்டும் என்பதற்காக யாரோ நல்ல மனமுள்ளவர்கள் ஏற்படுத்தியது. தோற்காதவனை அவமானப்படுத்த அதையே கருவியாக்கலாம் என்பது கிருஷ்ணப்பனுக்குத்தான் தோன்றியிருக்கிறது.

வண்ணாரப்பேட்டையில் ரஷீதின் வீட்டு வாசலில் வேலப்பன் நின்றபோது, சாக்குத் திரைக்குப் பின்னாலிருந்து ரஷீதின் மனைவி ரஹீமுன்னிசாவின் குரல் முந்திக்கொண்டது.

"யாரு, சிங்கமா? சிங்கத்துக்கு வூட்டுல இன்னா வேலை? காட்டுக்குப் போவச் சொல்லுங்க."

"அக்கா, நான் சொல்றதக் கொஞ்சம்..."

"அக்காவாம்! பத்து மாசமா இந்தத் தெருப்பக்கம் தலை காட்டாத தம்பி!"

ரஷீது நொண்டிக்கொண்டு வெளியே வந்தான். உட்காரச் சொல்லவில்லை. "மீன்காரி கேக்கறாடா என்னை. 'இன்னா பாய், வேலப்பன்கிட்ட கவுந்துட்டியாமே'ன்னு. மீன்காரி! டிப்போல புச்சா வந்த பையன் கேக்கறான். உன் காதுல மட்டும் வுழலயா?"

"எனுக்குப் படிக்கத் தெரியாது பாய். நேத்துதான் வரதன் சொன்னான். சத்தியமா."

"எனுக்கு மட்டும் தெரியுமா? எனுக்கு வந்து சேந்துச்சே! கெட்ட சேதி நொண்டியத் தேடிகினு வரும், ஜெயிச்சவனத் தேடி வராதா?"

"நான் ஜெயிக்கல பாய். ஞாயித்துக்கெழம அத்தினி பேர் முன்னாலயும் சொல்லிடறேன்."

ரஷீது கசப்பாகச் சிரித்தான். "சொல்லேன். கை தட்டுவாங்க. 'இன்னா அடக்கம், இன்னா அடக்கம்'னு இன்னும் ரெண்டு மாலை போடுவாங்க. போடா."

"நீ வராத பாய்."

"வருவேன். வராட்டி அவன் சொன்னது நெஜமாப் பூடும். வந்து அந்தத் துணியக் கிருஷ்ணப்பன் மூஞ்சில கட்டிட்டுப் போறேன்."

ஞாயிறு மாலை கொட்டகை நிரம்பி வழிந்தது. சால்ட் கோட்டார்ஸ் கூட்ஸ் ஷெட் கூலிகள், காத்திவாக்கத்துச் செம்படவர்கள், மில் ஆட்கள் என்று மூங்கில் தட்டிகள் பிதுங்குமளவு ஜனம். கோதாவில் புதிதாகக் கொத்திய செம்மண். கிருஷ்ணப்பன் தகரக் குழலை வாயில் வைத்து வேலப்பனின் பராக்கிரமங்களை அடுக்கினான். அவற்றில் பாதி ரஷீதுடையவை. பிறகு, "இப்போது ரஷீது பயில்வான், தம்மைப் பராபவப்படுத்திய..." என்று தொடங்கினான்.

வேலப்பன் குழலைப் பிடுங்கினான். "நான் பாயை ஜெயிக்கல! பேப்பர்ல போட்டது பொய்! அன்னிக்கு உஸ்தாத் சொன்னது பராபர்!"

முன்வரிசையில் ஒருவன், "பாத்தியாடா, இதான் பெரிய மன்சன் குணம்!" என்று கத்தினான். கொட்டகை முழுவதும் கைதட்டல் எழுந்தது. ரஷீது சொன்னபடியே ஆயிற்று. வேலப்பன் மீண்டும் கத்தினான். கைதட்டல் இன்னும் ஓங்கியது. அன்று திருவொற்றியூரில் இருந்த நூறு பேராவது அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அவர்களும் தட்டினார்கள். எதைக் கண்ணால் பார்த்தோம் என்பது அவர்களுக்கே மறந்துபோயிருந்தது. எதைப் படிக்கக் கேட்டார்களோ அதுவே நினைவில் இருந்தது.

ரஷீது நொண்டியபடி கோதாவின் நடுவுக்கு வந்தான். கிருஷ்ணப்பன் தட்டில் நீட்டிய சரிகைத் துணியை அவன் தொடவில்லை. கூட்டம் "கட்டு பாய்! கட்டு!" என்றது. அந்தக் கூச்சலில் இரக்கம் இருந்தது. அதுதான் வேலப்பனால் தாங்க முடியாததாக இருந்தது. ஐந்து வருஷம் இவனைத் தலைமேல் வைத்து ஆடியவர்கள் இவனுக்காக இரக்கப்படுகிறார்கள்!

வாயால் சொன்னது அடக்கமாகிவிட்டது. அவனிடம் மீதியிருந்தது உடம்பு. வேலப்பன் சட்டையைக் கழற்றி எறிந்தான். ரஷீதின் காலடியில், செம்மண்ணில், மல்லாக்கச் சாயத் தொடங்கினான். இடது தோள் மண்ணைத் தொட்டது. ஊரே பார்க்க முதுகில் மண் படட்டும், கணக்கு நேராகட்டும், ரஷீது ஜெயித்தான் என்று இன்று இரவே எல்லா வீட்டிலும் பேசட்டும்.

வலது தோள் மண்ணைத் தொடவில்லை.

ரஷீது பாய்ந்து விழுந்திருந்தான். நொறுங்கிய முழங்காலின்மேலேயே விழுந்திருந்தான். வலியில் அவன் முகம் கோணியது. ஆனால் அவனுடைய வலது கை வேலப்பனின் தோளுக்கும் மண்ணுக்கும் நடுவில் புகுந்து, இரும்புப் பாளம் போல நின்றது.

"இன்னாடா பண்றே?"

"வுடு பாய். படட்டும். எல்லாம் சரியாப் பூடும்."

"எது சரியாவும்? அவன் ஒரு பொய்ய அச்சடிச்சான். நீ மண்ணுல இன்னொண்ணு அச்சடிக்கிறியா? உன் பிச்சைக்கா நான் அஞ்சு வருசம் நின்னேன்?" ரஷீதின் குரல் கோபத்தில் உடைந்தது. "உன்னை நான் கவுக்கல. மோதிப் பாத்தேன், முடியல. அத்த இல்லன்னு சொல்ல நீ யார்ரா?"

வேலப்பன் தன் பாரத்தையெல்லாம் கீழே அழுத்தினான். கை அசையவில்லை. அந்தக் கையின் பலம் அவனுக்குத் தெரியும்.

கூட்டத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒருவன் கவிழ மறுக்கிறானா, கவிழ்க்க மறுக்கிறானா? பின்வரிசையில் எவனோ, "கள்ளக் குஸ்தி!" என்று கூவினான். இன்னும் சிலர் சேர்ந்துகொண்டார்கள். கிருஷ்ணப்பன் குழலை எடுத்து ஏதோ சமாதானம் சொல்ல, ஒரு தேங்காய் மட்டை அவன் காதருகே பறந்தது. சரிகைத் துணியை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவன் தட்டிக்குப் பின்னால் மறைந்தான். மூங்கில்கள் முறியத் தொடங்கின.

"பாய், கையை எடு. கால் போயிடப் போவுது."

"போனா போவட்டும். நீ எழுந்திரு மொதல்ல." ரஷீது பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்: "இன்னிக்கிப் பொய்யாப் படுக்கறவன், அன்னிக்கி இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்திருந்தா நெஜமாவே படுத்திருப்பே. அத்த மட்டும் ஒத்துக்கோ."

வேலப்பனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அன்று முழுவதும் இல்லாத, சொந்தக் கோபம்.

"இன்னாது? நான் படுத்திருப்பேனா? கடைசில மூச்சு வாங்கினு நின்னது யாரு?"

"யாரு? நானா?"

"நீதான்! இன்னும் கொஞ்ச நேரம் வெளிச்சம் இருந்திருந்தா உன் அஞ்சு வருசத்த அங்கியே மடிச்சு வெச்சிருப்பேன்!"

"படுத்துகினு பேசாதடா," என்றான் ரஷீது. "எழுந்து நின்னு பேசு."

வேலப்பன் எழுந்தான். நிற்க முடியாத ரஷீதை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினான். சுற்றிலும் கொட்டகை சரிந்துகொண்டிருக்க, யார் மூச்சு முதலில் மாறியது என்று இருவரும் ஒருவர் முகத்துக்கு நேரே ஒருவர் கத்திக்கொண்டு நின்றார்கள்.