வராத ஆமென்

மோட்டார்க்காரர் ஜெபம் பண்ண எழுந்தால் அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிடலாம் என்பது அந்தச் சபைப் பெண்களின் கணக்கு. அவர் உலகத் தலைவர்களை ஆசீர்வதித்து முடிப்பதற்குள் தண்ணீர் கொதித்துவிடும். நோயாளிகளிடம் வரும்போது பால் ஊற்றலாம். எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுப்பது அவர் தொழில். "அண்ணனும் ஓட விட்டா நிக்க மாட்டாரு" என்று போதகரே ஒருமுறை சிரித்திருக்கிறார். அதையும் அவர் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டார். மனிதருக்குத் தன் ஜெபத்தின்மேல் அவ்வளவு ஆசை. வீடு திரும்பியதும் மனைவியிடம் "இன்னைக்கு என் ஜெபம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்காமல் சட்டையைக் கழற்ற மாட்டார்.

அந்த வாரத் தொடக்கத்தில் தங்கையின் கணவர் பட்டறைக்கு வந்தார். அதிர்ந்து பேசாத ஆள். ஒரு கிடங்கில் சரக்கு ஏற்றி இறக்குவதை மேற்பார்வை பார்க்கிறவர். ஸ்டூலில் கிடந்த கம்பிச் சுருளை நகர்த்திவிட்டு உட்கார்ந்தார்.

"வேலை போயிடுச்சு மச்சான். ஆளைக் குறைக்கிறாங்களாம்."

"தங்கச்சி என்ன சொல்றா?"

"அவகிட்ட இன்னும் சொல்லல. அவ கட்டிக் குடுக்கிற டப்பாவை எடுத்துக்கிட்டு எப்பவும்போல கிளம்பிடறேன். பூங்காவுல உக்காந்து சாப்பிட்டுட்டு, அங்க இங்க வேலை கேட்டுட்டு, சாயங்காலம் வந்துடறேன். ஒண்ணு கிடைச்சதும் நானே சொல்லிக்கிறேன். நீங்க எனக்காக ஜெபம் மட்டும் பண்ணுங்க."

"இதெல்லாம் நீங்க சொல்லணுமா மாப்பிள்ளை?" என்று மோட்டார்க்காரர் அவர் தோளைத் தட்டினார். மனப்பூர்வமாகத்தான் தட்டினார்.

வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் தங்கை வீட்டில். முன்னறையில் நாற்காலி போதாமல் பாதிப் பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். தங்கை சமையலறைக் கதவோரம், அவள் கணவர் ஜன்னலோரம். பாட்டு முடிந்தது. "அண்ணன் ஒரு நன்றி ஜெபம் பண்ணி முடிச்சு வைங்க" என்றார் போதகர்.

நன்றாகத்தான் தொடங்கினார். "சொந்தப் பட்டறை தந்தீரே, யாரிடமும் கைகட்டி நிற்காமல் காத்தீரே, உமக்கு ஸ்தோத்திரம்" என்றார். அறை முழுக்க ஆமென் எழுந்தது. எல்லோரும் சொன்ன பிறகு, கொஞ்சம் பிந்தி, மெல்லியதாக ஒன்று வரும். அது தங்கையுடையது. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அப்படித்தான். அந்த ஆமென்னைக் கேட்டதும் அவருக்கு இன்னும் உற்சாகம் பிறந்தது. தனக்குக் கிடைத்ததைச் சொல்லியாயிற்று. கிடைக்காதவன் ஒருவனைப் பக்கத்தில் நிறுத்தினால் எடுப்பாக இருக்கும் என்று நாக்குக்குத் தோன்றிவிட்டது.

"ஆண்டவரே, இதே அறையில் வேலையை இழந்து, மனைவியிடம் சொல்லத் துணிவில்லாமல், அவள் கட்டிக் கொடுத்த சாப்பாட்டைப் பூங்காவில் உட்கார்ந்து சாப்பிடுகிற உம்முடைய பிள்ளையைக் கண்ணோக்கிப் பாரும்."

ஆமென் என்றது அறை. பிந்தி வரவேண்டியது மட்டும் வரவில்லை.

என்ன சொல்லிவிட்டோம் என்பது அந்த நொடியிலேயே அவருக்கு உறைத்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ஜெபம் அவ்வளவு நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. குரல் தழுதழுக்க வேண்டிய இடத்தில் தழுதழுத்தது, யாரோ விசும்பினார்கள், அவர் ஒரு குறையும் வைக்காமல் முடித்துவிட்டுத்தான் கண்ணைத் திறந்தார்.

அறையில் வேலைக்குப் போகிற வயதில் இருந்த ஆண்கள் போதகரும் அவரும் தங்கை கணவரும்தான். ஆளைக் கண்டுபிடிக்க யாருக்கும் ஞானதிருஷ்டி தேவைப்படவில்லை. வந்தவர்கள் கொதிக்கக் கொதிக்கத் தேநீரைக் குடித்துவிட்டுச் செருப்பைத் தேடினார்கள். போகும்போது ஒவ்வொருவராகத் தங்கை கணவரின் கையைப் பிடித்து, "கர்த்தர் வழி திறப்பாரு" என்று அழுத்திவிட்டுப் போனார்கள். அவர் சாவு வீட்டுக்காரரைப் போல எல்லோருக்கும் தலையாட்டிக்கொண்டு நின்றார்.

கடைசியில் மூன்று பேர்தான் மிஞ்சினார்கள். தங்கை குனிந்து தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அண்ணனுடைய தம்ளரில் தேநீர் அப்படியே ஆடை கட்டியிருந்தது.

"நான் பேரு சொல்லலையேம்மா" என்றார் மோட்டார்க்காரர்.

"என் டப்பாவைச் சொன்னியே அண்ணா."

"ஜெபத்துல தானா வந்துடுச்சு."

"தானாவா?" அவள் நிமிர்ந்தாள். "கட்டின பொண்டாட்டிகிட்ட சொல்லவே கூச்சப்பட்டுக்கிட்டு இருந்திருக்காரு. அதை இத்தனை பேருக்கு நடுவுல சொல்லிட்டு, பழியை ஆண்டவர் மேல போடறியா?"

அவர் கூனிக் குறுகிப் போனார். ஏதேதோ சமாதானங்கள் வாய்வரை வந்தன. வார்த்தைக்குத்தான் அவரிடம் பஞ்சமே கிடையாதே. எல்லாவற்றையும் விழுங்கினார்.

"இல்லம்மா. தானா வரல. சொன்னா ஜெபம் நல்லா இருக்கும்னு தோணுச்சு. அதான் சொன்னேன்."

சொன்ன பிறகு அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. தங்கை தம்ளர்களை மேசையில் வைத்துவிட்டுக் கணவர் பக்கம் திரும்பினாள்.

"நீங்களும்தான். இத்தனை நாளும் வெயில்ல உக்காந்தா சாப்பிட்டீங்க?"

"மரத்தடி இருந்துச்சு" என்றார் அவர்.

அவளுக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் வந்து, அது அழுகையாகவே முடிந்தது. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். கூட்டத்தில் ஒருநாளும் வாய்விட்டு ஜெபித்தறியாத அந்த மனிதர், யாரும் கேட்காமலே கண்ணை மூடினார்.

"ஆண்டவரே, நாளைக்குப் பொய் சொல்லிட்டுக் கிளம்ப வேண்டாம். அதுக்கு ஸ்தோத்திரம். இவ அழறா. ஆனா எம்பக்கத்துல உக்காந்துதான் அழறா. அதுக்கும் ஸ்தோத்திரம். மச்சான் தேநீர்கூடக் குடிக்கல. அவரையும் பாத்துக்கோங்க."

கொஞ்சம் பிந்தி, மெல்லியதாக, தங்கையின் ஆமென் வந்தது. மோட்டார்க்காரர் வாயைத் திறந்தார். உதடு மட்டும் அசைந்தது.

காலில் சுளுக்கு என்று மோட்டார்க்காரரின் மனைவி அன்று கூட்டத்துக்கு வரவில்லை. அவர் வீட்டுக்கு வந்து சட்டையோடு கட்டிலில் உட்கார்ந்தார். வழக்கமான கேள்விக்காக அவள் கொஞ்சம் காத்திருந்து பார்த்தாள்.

"நீங்கதானே இன்னைக்கு முடிச்சு வச்சீங்க?"

"இல்ல. மாப்பிள்ளை முடிச்சு வச்சாரு."

"அவரா? அவரு வாயே திறக்க மாட்டாரே. எப்படி இருந்துச்சு?"

"எனக்கு ஆமென் சொல்ல வரல" என்றார் அவர்.